துணைக்கு வந்தவள்

கதிரையை நல்ல இடத்திலதான் போட்டிருக்கினம். வாணி தலையைக் கொஞ்சம் திருப்பினாளெண்டால் என்ர முகம் தெரியும், திருப்பாட்டிலும் நான் பின்னால இருக்கிறன் எண்டு அவளுக்குத் தெரியும், அது போதும், அதுக்குத்தானே வந்தனான். துணைக்கு வாறவள் அழக்கூடாது, தலையாட்டக்கூடாது, வாயே திறக்கக்கூடாது எண்டு வெள்ளிக்கிழமை மண்டபத்துப் பீட்ரிஸ் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினவ. உவளால ஏலுமோ எண்டு மற்றப் பொம்பிளையள் சிரிச்சவை. என்ர வாய் அப்பிடிப்பட்ட வாய், பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவளின்ர சட்டைப் பொத்தான் கழண்டு கிடந்தாலும் சொல்லாமல் விடாது. இண்டைக்குப் பாருங்கோ, பசை போட்டு ஒட்டினது போலக் கிடக்கு. நீதிபதிக்குத் தடிமன், இருமல். சின்னப் பெட்டியில இருந்து இனிப்பொண்டை எடுத்து வாய்க்குள்ள போட்டுட்டு மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு வாணியிட்டையும் கேட்டார், வாணிக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல, எழும்பிக் கும்பிட்டாள். நல்ல மனுசன் போலத்தான் கிடக்கு. நல்ல மனுசனா இருந்தென்ன, முன்னால கிடக்கிற தாளில இருக்கிறதைத்தானே பாப்பார், தாளில மே இருபத்தஞ்சு எண்டு கிடக்கு, அது வாணியின்ர வாயில இருந்து வந்தது, வாணியின்ர வாய்க்குள்ள அதை வைச்சவள் இஞ்ச பின்கதிரையில கைப்பையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறாள். மே இல்லை. ஜூன். பஸ்ஸிலதான் கண்டனான். கண்டும் இருக்கிறன். இண்டைக்கு வாணி சொல்லுறதை இந்த மனுசன் நம்பாட்டில் அவளுக்கு இனி இந்த நாட்டில கதவில்லை, திருப்பி அனுப்புவினம், எங்க இருந்து முதுகில அந்தத் தழும்போட ஓடி வந்தாளோ அங்கயே அனுப்புவினம். அதுவும் எனக்குத் தெரியும்.

அரசாங்கப் பக்க லோயர் எழும்பிட்டான். சின்னப் பெடியன், என்ர மூத்த அக்காவின்ர மகனின்ர வயசுதான் இருக்கும், தலையை வடிவாச் சீவி இழுத்திருக்கிறான், சத்தம் போட்டுக் கேப்பான் எண்டு பாத்தால் பல் வைத்தியர் மாதிரி மெதுவாக் கேக்கிறான். முதல் கேள்வி பேர், ஊர். அண்ணன் காணாமல்போனது எப்ப. காணாமல்போனவையைத் தேடிப் போராடுற சனத்தோட றோட்டுக்கரைக் கொட்டிலில அண்ணன்ர படத்தை வைச்சுக்கொண்டு எத்தினை மாதம் இருந்தனீங்கள். வாணி நேரா நிமிந்து சொல்லுறாள், நான் சொல்லிக் குடுத்தபடி, கையை மடிக்குள்ள வைச்சுக்கொண்டு, கண்ணைப் பாத்து. அதுவும் என்ர வேலைதான். வெள்ளிக்கிழமையில கதை கேக்கிறதெண்டால் இப்பிடி ஒண்டுமில்லை. சேர்ச்சுக்குப் பின்னால உள்ள மண்டபம், பச்சைப் பிளாஸ்ரிக் கதிரையள், பெரிய கேத்தில், விசா கேட்டு நிக்கிற பொம்பிளையள் நாங்களே நடத்துறது, மேல இருந்து ஒருத்தரும் வந்து எங்களுக்குக் கை குடுக்கிறதில்லை. தையல் தெரிஞ்சவள் தையல் காட்டுவாள், பஸ் தெரிஞ்சவள் புதுசா வந்தவளைக் கூட்டிக்கொண்டு திரிவாள், நான் சமையல், பேந்து கணக்கு. அந்த இடத்துக்கு இங்கிலீசில நீட்டாப் பேரிருக்கு, ஒருத்தரும் சொல்லுறதில்லை, எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். பீட்ரிஸ்தான் தொடங்கினவ, கொங்கோக்காரி, ஒன்பது வருஷம் விசாவுக்கு நிண்டு கிடைச்ச பிறகும் எங்களை விட்டுட்டுப் போகாத மனிசி. ஆருக்கு நேர்காணல் வருதோ அவளை இருத்தி, தன்ர கதையைத் தன்ர வாயால சொல்லப் பழக்குறது. சொல்லிச் சொல்லித்தான் வாய்க்குப் பயம் போகும். அதுக்கு ஒரேயொரு சட்டம். கேக்கிறவள் 'பிறகு?' எண்டு மட்டும்தான் கேக்கலாம். திருத்தக்கூடாது, ஒழுங்குபடுத்தக்கூடாது, ஒரு சொல்லும் குடுக்கக்கூடாது. அவளின்ர கதையில உன்ர கை பட்டால் அது அவளின்ர கதை இல்லை எண்டு பீட்ரிஸ் சொல்லுவா. ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான். தமிழில பழகுறதெண்டு நானும் வாணியும் குசினிப் பக்கம் போயிடுவம், நாங்கள் என்ன கதைக்கிறம் எண்டு அங்க ஆருக்கு விளங்கப்போகுது.

'கோயிலில வைகாசி விசாகப் பொங்கல் முடிஞ்சு மூண்டாம் நாள் அக்கா, விடியப்புறம், பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டனான்.' இப்பிடித்தான் தொடங்கினவள். எவ்வளவு வடிவாத் தொடங்கினவள். பாத்திரத்தில ஒட்டின கருகல், வான் வந்த சத்தம், நாய் குலைக்காமல் நிண்டது, எல்லாம் அப்பிடியே கண்ணுக்கு முன்னால கொண்டுவந்து வைச்சாள். நான் 'பிறகு?' எண்டு கேட்டிருக்க வேணும். கேக்கேல்ல. நிப்பாட்டு எண்டன். பொங்கல் கிங்கல் எண்டு சொன்னால் உவையளுக்கு என்ன விளங்கும், படிக்காத ஊர்ச்சனம் எண்டு நினைப்பினம், திகதியைச் சொல்லு எண்டன். திகதி தெரியாதக்கா எண்டாள். திகதி தெரியாதாம். பன்னிரண்டு வருஷம் தபால் கந்தோரில திகதி முத்திரை குத்தினவளுக்கு முன்னால இருந்து திகதி தெரியாதெண்டு சொன்னால் விடுவனோ. விசாகம் எண்டால் மே தானே, எங்கட அம்மன் கோயில் விசாகம் ஒருமுறை என்ர பிறந்தநாளோட வந்து பொங்கல் சாப்பிட்டது நல்ல ஞாபகம், மே இருபத்திரண்டு, மூண்டு நாள் கூட்டு, இருபத்தஞ்சு. சொல்லு பாப்பம். மே இருபத்தஞ்சு. பயப்பிடாமல் சொல்லு. மே இருபத்தஞ்சு. யோசிக்காமல், டக்கெண்டு வரவேணும். மே இருபத்தஞ்சு. கெட்டிக்காரி எண்டு முதுகில தட்டினன், தழும்பு இருக்கிற முதுகில, அவள் கொஞ்சம் நெளிஞ்சாள். அண்டைக்கு எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்ன தெரியும் எனக்கு, பஸ்ஸில எங்க இறங்கிறதெண்டு தெரியாது, தபாலில வாறது விளங்காது, கடையில மிச்சக் காசு தரேக்க எண்ணத் தெரியாமல் நிக்கிறன். அந்த ஒரு நாள்தான் ஆரோ ஒருத்திக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருந்தது. தேத்தண்ணியோட கேக் ரெண்டு துண்டு திண்டனான். சீ, அந்த இனிப்பு இப்பவும் நாக்கில நிக்குது.

நேர்காணலில அவள் டக்கெண்டு சொல்லியிருக்கிறாள், நான் பழக்கினபடியே. மே இருபத்தஞ்சு பிடிச்சவை, பத்து நாள் வைச்சிருந்தவை, விட்ட அடுத்தநாள் ஆசுப்பத்திரி. ஆசுப்பத்திரித் துண்டில ஜூன் இருபத்துமூண்டு. நடுவில கிட்டத்தட்ட மூண்டு கிழமை ஓட்டை. வெந்து புண்ணான முதுகோட மூண்டு கிழமை மருந்தில்லாமல் எங்க இருந்தனீங்கள், இருந்திருக்கமாட்டீங்கள், ஆனபடியால் பிடிச்சதும் பொய், முதுகைச் சுட்டதும் பொய், றோட்டுக்கரைக் கொட்டிலும் பொய். மறுத்துப்போட்டினம், அதை எதிர்த்துப் போட்ட அப்பீல்தான் இண்டைக்கு. செய்தி வந்த அண்டைக்கு வாணி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, நான்தானக்கா எங்கையோ மாறிப்போட்டன், பத்து நாளை விட கனநாள் உள்ளுக்கு இருந்தனானோ தெரியேல்ல, இருட்டுக்குள்ள நாள் தெரியாது தானே எண்டு அழுதாள். தன்ர ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டாள் ஒழிய என்ர கணக்கைச் சந்தேகப்படேல்ல. நானும்தான் சந்தேகப்படேல்ல, உண்மையாச் சொல்லுறன், இண்டைக்குக் காலமை வரைக்கும் எனக்கு அப்பிடி ஒரு எண்ணமே வரேல்ல. பஸ்ஸில வாணிதான் கேட்டவள், கேஸ் வெண்டால் இந்த முறை விசாகத்துக்கு இஞ்சத்தக் கோயிலில பொங்க வேணுமக்கா, எப்ப வருது பாருங்கோ எண்டு. கேட்டுட்டு என்ர தோளில சாஞ்சு நித்திரையாப் போனாள், ராத்திரி முழுக்க அவள் கண் மூடேல்ல. நான் போனில பாத்தன். இந்த வருஷம் ஒரு மாதம். சும்மா கையால தள்ளிப் போன வருஷத்தைப் பாத்தன், வேற மாதம். நிலவைப் பாத்து வாற திருவிழா, எல்லா வருஷமும் ஒரே திகதியில வருமெண்டு எந்த விசரி நினைப்பாள். தள்ளித் தள்ளி அவளைப் பிடிச்ச வருஷத்துக்குப் போனன். ஜூன் ஒன்பது. மூண்டு நாள் கூட்டு. பத்து நாள் கூட்டு. ஆசுப்பத்திரி. ஒரு நாள் பிசகேல்ல. ஓட்டையே இல்லை. அவள் சொன்னது அச்சொட்டாச் சரி, பொங்கலோட விட்டிருந்தால் ஆராவது ஒருத்தர் தேடிப் பாத்துச் சரி எண்டிருப்பினம். அவளை எழுப்பேல்ல. பாவம் நித்திரை கொள்ளட்டும் எண்டு நினைச்சனானோ, எழுப்பினால் சொல்ல வேண்டி வருமெண்டு நினைச்சனானோ. ரெண்டாவதுதான். போனை நிப்பாட்டிப் பைக்குள்ள வைச்சன், என்னவோ அதை நிப்பாட்டினால் ஜூன் திரும்பவும் மே ஆகிவிடும் எண்ட மாதிரி.

இந்தக் கட்டிட வாசலில வாணியின்ர லோயர் ஹர்ப்ரீத் நிண்டவ. சிரிச்சுக்கொண்டு வந்து, நீங்கள் சாட்சியோ துணையோ எண்டு கேட்டா. சாட்சி எண்டால் பேர் குடுத்துட்டு வெளியில இருக்க வேணுமாம், உள்ளுக்கு வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் பிறகு சாட்சி சொல்ல ஏலாதாம். இண்டைக்குச் சொல்லாததை நாளைக்குச் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம், அதால கேக்கிறன் எண்டும் சொன்னவ. எவ்வளவு தெளிவாக் கேட்ட கேள்வி. துணை எண்டன். யோசிக்காமல், டக்கெண்டு. நல்லாப் பழகியிருக்கிறன். திகதியை மட்டும் சொல்லலாம்தானே எண்டு பேந்து யோசிச்சன், ஹர்ப்ரீத், அந்த வருஷம் விசாகம் ஜூனில வந்தது, அவ்வளவுதான், ஒரு வசனம். ஆனால் ஒரு வசனத்தோட ஆர் விடுறாங்கள். அப்ப ஏன் மே எண்டவள் எண்டு கேப்பினம். ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு கேப்பினம். வெள்ளிக்கிழமையில கதை கட்டிக் குடுக்கினம் எண்டு சொல்லுவினம், பீட்ரிஸின்ர மண்டபத்தைப் பூட்டுவினம், அவ்வளவு பொம்பிளையளும் எங்க போறது. பாத்தியே, நான் என்ர பயத்துக்குப் பீட்ரிஸின்ர பேரைப் போத்துக்கொண்டு நிக்கிறன். பீட்ரிஸ் இருந்தால் என்ன செய்வா எண்டு எனக்குத் தெரியாதோ. என்ர நேர்காணல் வாற மாதம். அதுதான் விசயம். மற்றவளுக்குத் திகதி கட்டிக் குடுத்தவள், இவளின்ர கதையையும் கட்டித்தான் இருப்பாள் எண்டு அந்தத் தாளில ஒரு வரி விழுந்தால் முடிஞ்சுது. திருகோணமலையில தங்கச்சி வீட்டுக் குசினிக்குள்ள என்ர மகள் படுத்தெழும்புறாள், பதினெட்டு முடிய முந்திக் கூப்பிட்டால்தான் வருவாள், முடிஞ்சால் இல்லை. தாய் எண்டால் வேற என்ன செய்வாள். சரி, அப்ப வாணி ஆரின்ர மகள். கொட்டிலில இப்பவும் மகன்ர படத்தோட இருக்குதே வாணியைப் பெத்த மனிசி, அவ தாய் இல்லையோ.

நீதிபதிக்கு இருமல் விடுகுதில்லை, பத்து நிமிஷம் நிப்பாட்டுவம் எண்டார். வெளியில நடைபாதைக்குள்ள வந்ததும் வாணி என்ர கையைப் பிடிச்சாள், ஐஸ் கட்டி. 'அக்கா, நான் சரியாச் சொல்லுறனே?' எண்டாள். வடிவாச் சொல்லுறாய் எண்டன். 'திகதியிலதான் வந்து நிக்கப்போகினம். எனக்குத் தெரியும். எனக்கு இப்ப அந்தத் திகதியைச் சொல்லவே பயமாக் கிடக்கு, அது என்னோட சேராத மாதிரிக் கிடக்கு' எண்டாள். அது உன்னோட சேராததுதான், பிள்ளை. அது என்ர பிறந்தநாளை வைச்சு எண்ணினது. ஹர்ப்ரீத்தும் ரெண்டு அடி தள்ளித்தான் நிண்டு தாள் பிரட்டிக்கொண்டிருந்தவ. நான் சொன்னது, தண்ணி குடி. பையைத் துழாவிப் போத்தலை எடுத்துக் குடுத்தன், போத்தலுக்குப் பக்கத்தில போன் தட்டுப்பட்டது. அவள் குடிச்சுட்டு எனக்கும் மிச்சம் வைச்சுத் தந்தாள். 'நீங்கள் மட்டும் வராட்டில் நான் செத்துப்போயிருப்பனக்கா' எண்டாள். ஹர்ப்ரீத் தலையை நிமித்தி, எல்லாம் சரிதானே எண்டு என்னைப் பாத்துக் கேட்டா. எல்லாம் சரி எண்டு இங்கிலீசில சொன்னன். இங்கிலீசு எனக்கு வராது எண்டு ஆர் சொன்னது, இதுக்கெல்லாம் நல்லா வருகுது.

திரும்பவும் கதிரை. பெடியன் நேரா அதுக்குத்தான் வந்தான். மே இருபத்தஞ்சு எண்டு உறுதியாச் சொன்னனீங்கள், இப்பவும் அதைத்தான் சொல்லுறீங்களோ. வாணி பக்கத்தில இருந்தவரைப் பாத்தாள். மொழிபெயர்ப்பாளர், கொழும்புப் பக்கத்து ஆள், கோட்டுப் போட்டு நரைச்ச தலை, திரும்ப ஒருக்கா மெதுவாக் கேட்டார். வாணி தலையைக் குனிஞ்சாள், குனியாதை எண்டு சொல்லியிருக்கிறன், குனிஞ்சுகொண்டே சொன்னாள், 'திகதி எனக்கு வடிவாத் தெரியாது ஐயா. விசாகப் பொங்கல் முடிஞ்சு மூண்டாம் நாள். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டனான்.' பாத்திரத்துக்கே திரும்பி வந்திட்டாள். நான் பழக்கின பழக்கம் எல்லாத்தையும் தள்ளிப்போட்டுத் தன்ர கதைக்குள்ள போய் நிக்கிறாள், என்ர பிள்ளை, நல்லாச் சொன்னாய். மொழிபெயர்ப்பாளர் பொங்கலுக்கு இங்கிலீசு தேடிக் கஷ்டப்பட்டு ஏதோ சோறு சமைக்கிற திருவிழா எண்டார். பெடியன் சிரிக்கேல்ல. இவ்வளவு காலமும் ஒரு இடத்திலயும் சொல்லாத திருவிழா இண்டைக்கு எங்க இருந்து வந்தது எண்டு கேட்டான். நீதிபதி பேனையை வைச்சுட்டு முன்னுக்குச் சாஞ்சார். அந்தத் திருவிழா எந்தத் திகதியில வந்தது எண்டு கேட்டார். 'நிலவைப் பாத்து வரும் ஐயா. எனக்குத் திகதி தெரியாது.' எனக்குத் தெரியும். பைக்குள்ள கிடக்கு. ஜூன் ஒன்பது, ஜூன் ஒன்பது, பல்லுக்குப் பின்னால வந்து நிக்குது. இந்த அறையில அது தெரிஞ்ச ஒரேயொரு ஆள் நான். நீதிபதி விடேல்ல, நல்ல மனுசன், வழி விடத்தான் பாக்கிறார் எண்டு எனக்கே விளங்குது, இங்கிலீசில கேட்டது எனக்கு விளங்கிப்போட்டுது, மொழிபெயர்ப்பாளர் சொல்ல முந்தியே. திகதி தெரியாதெண்டால் மே இருபத்தஞ்சு எண்டு எப்பிடிச் சொன்னனீங்கள், ஆராவது உங்களுக்கு உதவி செய்தவையோ. யோசிச்சுச் சொல்லுங்கோ. இது முக்கியம் எண்டும் சொன்னார்.

வாணி யோசிக்கேல்ல. 'ஒருத்தருமில்லை ஐயா. நானே யோசிச்சுச் சொன்னனான்' எண்டாள். டக்கெண்டு. என்ர நேர்காணல் வாற மாதம் எண்டு அவளுக்குத் தெரியும், என்ர மகளின்ர வயசு தெரியும், போன கிழமை கூட மகளுக்கெண்டு காதுப்பூ வாங்கி வைச்சிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் அதை அப்பிடியே இங்கிலீசில போட்டார், பெடியன் குனிஞ்சு எழுதினான், நீதிபதி பேனையைத் திரும்ப எடுத்தார், ஹர்ப்ரீத் கண்ணை மூடித் திறந்தா. அண்ணனைப் பற்றிச் சொன்னது உண்மை, வானைப் பற்றிச் சொன்னது உண்மை, முதுகைப் பற்றிச் சொன்னது உண்மை, இவ்வளவையும் நம்பாதவங்கள் இதை மட்டும் நம்பி எழுதுறாங்கள். நான் எழும்பிட்டன். எழும்ப வேணுமெண்டு நினைச்சு எழும்பேல்ல, பாத்தால் நிக்கிறன், கைப்பை விழுந்து சத்தம் கேட்டுது, எல்லாரும் திரும்பினவை. வாணியும் திரும்பினாள். என்ர முகத்தைக் கண்ட உடனே அவளுக்கு என்ன விளங்கினதோ, 'அக்கா, இருங்கோ' எண்டாள், மெல்ல, பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி. மொழிபெயர்ப்பாளர் தன்ர கடமைக்கு அதையும் இங்கிலீசில சொன்னார். நீதிபதி என்னைப் பாத்தார். கோவப்படேல்ல. ஏதோ கேட்டார், மொழிபெயர்ப்பாளர் என்ர பக்கம் திரும்பினார். 'அம்மா, நீங்கள் ஏதும் சொல்ல வேணுமோ எண்டு ஐயா கேக்கிறார்.' இதைவிட ஒரு மனுசன் எப்பிடிக் கேப்பான். வாய் திறந்தது. வாணி தலையை மட்டும் கொஞ்சமா ஆட்டுறாள், வேண்டாம், வேண்டாம். இல்லை ஐயா எண்டன். கால் விறைச்சுப் போச்சு எண்டன். மொழிபெயர்ப்பாளர் அதையும் இங்கிலீசில சொன்னார். நீதிபதி ஓம் ஓம் எண்டு தலையாட்டி, இந்தக் கதிரையள் ஒருத்தருக்கும் சரிவராது, விரும்பினால் பின்னால சுவரோட நிக்கலாம், அது சுகமா இருக்கும் எண்டார். தாங்ஸ் எண்டன். வாணி மூச்சை விட்டுட்டு முன்னுக்குத் திரும்பினாள், பெடியன் அடுத்த கேள்வியைத் தொடங்கினான். நான் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோட நிண்டன். கால் ரெண்டும் நல்லாத்தான் இருந்தது.